அழுகையில் மூச்சு நின்றுபோகும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு ஒன்றேகால் வயது. கையிலிருக்கும் சாவிக்கொத்தை வாங்கினால் போதும், வீறிட்டு அழுகிறாள். பிறகு வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தமே வருவதில்லை. உதடு நீலம் பாரித்து, உடம்பு விறைத்து, துவண்டு சாய்கிறாள். இரண்டு மாதத்தில் ஐந்து முறை இப்படி ஆகிவிட்டது. தண்ணீர் தெளித்து, உலுக்கி எழுப்புகிறோம். இது வலிப்பா? அவளை அழவிடவே பயந்து, கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறோம்.

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் கோபம், அடுத்து அழுகை, பிறகு நீலம், கடைசியில்தான் நினைவு தப்புகிறது. வலிப்பு நோய் இப்படி அழுகைக்காகக் காத்திருப்பதில்லை, தூக்கத்திலும் வரும். உங்கள் மகளுக்கு இருப்பது அழுகையில் மூச்சு நின்றுபோகும் நிலையாகவே தெரிகிறது. 6 மாதத்திலிருந்து 6 வயதுக்குள் பல குழந்தைகளுக்கு இது வருகிறது. வளர வளரத் தானாகவே நின்றுவிடும். மூளையைப் பாதிக்காது, வலிப்பு நோயாகவும் மாறாது.

'பிடிவாதத்தில் மூச்சை அடக்குகிறாள்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வீறிட்டு அழும்போது காற்றெல்லாம் வெளியேறிவிடுகிறது. அடுத்த மூச்சு உள்ளே போகச் சில நொடிகள் தாமதமாகிறது. அது அவள் கையில் இல்லை. நினைவு தப்பியதும் உடம்பே மூச்சை இழுத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்.

அந்த நேரத்தில் அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். படுத்திருந்தால்தான் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும். வாயில் ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், விரலை விட்டுத் துழாவாதீர்கள். தண்ணீர் தெளிப்பதால் பயனில்லை. உலுக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் பலமாக உலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவே ஏற்படலாம். கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் 20 நொடி பத்து நிமிடமாகத் தெரியும். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வராவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழைத்து, செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தொடங்குங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இரும்புச்சத்து. அது குறைந்த குழந்தைகளுக்கு இது அடிக்கடி வருகிறது. குறையைச் சரிசெய்தால் பலருக்குக் கணிசமாகக் குறைகிறது. வேறு உணவு அதிகம் இல்லாமல் பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தைகளுக்கு இந்தக் குறை எளிதில் வரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் ஆபத்து.

நீலமாகாமல், சிறிய அடி பட்டதும் வெளிறி மயங்குவது இன்னொரு வகை. அதற்கும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலும், ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். அழாமலே, தூக்கத்திலோ ஓடி விளையாடும்போதோ வந்தாலும், தெளிந்த பிறகும் வெகுநேரம் மந்தமாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

சாவிக்கொத்து விஷயத்தில் உறுதியாக இருங்கள். அழுகை முற்றுவதற்குள் வேறு பொருளைக் காட்டிக் கவனத்தைத் திருப்பலாம். நினைவு வந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இதுவரை மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள். அடுத்த முறை நேர்ந்தால் ஒருவர் அவளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அதைப் பார்த்தால் உங்கள் மருத்துவருக்கு நிலைமை தெளிவாகப் புரியும்.