வைரஸ் படிக்க ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

ஆச்சி, வணக்கம். தேவகோட்டையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மருத்துவ இடம் கிடைக்கவில்லை, மகள் வைரஸ் ஆராய்ச்சி என்கிறாள், இதில் பிழைப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. ஆனால் மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்தினால் சொல்லிக்கொள்ளும்படி சம்பளம் வராது. எம்.எஸ்சி. வரைக்குமாவது படிக்க வைக்க வேண்டும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தனக்கென்று ஒன்றுமில்லாத வைரஸ் ஒரு செல்லை எப்படி ஆட்டிவைக்கிறது என்று அவள் கேட்டாளாமே, அருமையான கேள்வி. ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸை அவளிடம் சொல்லுங்கள். உள்ளே போன வைரஸ் டி.என்.ஏ., பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைக் (டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பது) கொண்டே தன் முதல்கட்ட மரபணுக்களைப் படிக்கவைக்கிறது. அப்படி உருவாகும் நொதிகளில் சில, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன, வேறு சில, வைரஸ் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தனி மூலப்பொருளைத் தயாரிக்கின்றன. தொற்றில்லாத பாக்டீரியாவில் இல்லாத அப்படியொரு நொதியை 1957-ல் ஃபிளாக்ஸும் கோஹனும் கண்டுபிடித்தார்கள். செல் சுவரை உடைக்கும் லைசோசைம் மட்டும், புது வைரஸ்கள் தயாராகும்முன் அவசரப்பட்டு வரக்கூடாது. அதற்கான ஆர்.என்.ஏ. முன்பே உருவானாலும், புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பிடிக்கும் இடம் மடிந்து மூடிக்கிடப்பதால் அதிலிருந்து லைசோசைம் உருவாவதில்லை. பிற்பாடு உருவாகும் ஆர்.என்.ஏ.வில் அந்த மடிப்பு இல்லை. 37 டிகிரியில் அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து செல் வெடித்துவிடும்.

இதெல்லாம் வெறும் பாடம் இல்லை, ஆச்சி. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளைத் தயாரித்ததே டி7 என்ற இன்னொரு வைரஸின் பாலிமரேஸ் நொதியால்தான். ஆய்வகங்களில் டி.என்.ஏ.வை ஒட்டுவதற்கு டி4-இன் லைகேஸ் நொதி அன்றாடம் பயன்படுகிறது. வேலை இருக்கும் இடம் இதுதான்.

சரி, படிப்பு. பெயரில் பகட்டுள்ள புதுப் பட்டங்களைவிட உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ நல்லது என்பது என் கருத்து. நொதி தெரியாமல் வைரஸ் புரியாது. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். எம்.எஸ்சி.க்குக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித்தொழில்நுட்பத் துறை இருக்கிறது. வைரஸே வேண்டுமென்றால் திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை உண்டு. காரைக்குடியின் சிக்ரி ஆய்வு நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறதே என்பீர்கள், அங்கே முதன்மையான வேலை மின்வேதியியல். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி உதவித்தொகையோடு முனைவர் பட்டம் படிக்கலாம்.

கல்லூரியில் சேர்க்கும்முன் அவளையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியை மாணவர்கள் தொட்டு வேலை செய்கிறார்களா என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.