ஸ்பிரிங்பேங்க் பிழைத்தது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் சிறிய விஸ்கி வடிசாலைகள் பற்றிய கட்டுரையில் ஸ்பிரிங்பேங்கை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 'பழைய முறையைக் கைவிடாததால் பிழைத்தது' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அதே ஊரில் மூடிப்போன மற்ற வடிசாலைகளும் அதே பழைய முறையில்தானே வடித்தன? அவை ஏன் பிழைக்கவில்லை?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது சரி. அந்த வரி தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேம்பெல்டவுன், ஸ்காட்லாந்தின் மேற்கே கின்டயர் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஒரு துறைமுகச் சிற்றூர். 1880களில் அந்தச் சின்ன ஊரில் ஒரே சமயத்தில் 21 வடிசாலைகள் ஓடின. அவற்றில் ஒன்றுதான் ஸ்பிரிங்பேங்க். ஆர்ச்சிபால்ட் மிட்செல் கள்ளச்சாராயம் காய்ச்சிய இடத்தில், 1828இல் உரிமத்தோடு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ரீட் குடும்பத்தார், மிட்செல்களுக்குச் சம்பந்தி முறை. அவர்கள் பண நெருக்கடியில் சிக்கியபோது, 1837இல் ஜான், வில்லியம் என்ற மிட்செல் சகோதரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிற்பாடு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆடுகளை வைத்து வந்த தகராறு என்று சொல்வார்கள். வில்லியம் பிரிந்துபோய் 1872இல் பக்கத்திலேயே கிளென்கைல் என்ற வடிசாலையைக் கட்டினார்.

1920களில் ஊரே சரிந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கலப்பு விஸ்கி செய்பவர்களுக்கு ஸ்பேசைட் பகுதியின் மென்மையான சரக்கு பிடித்துப்போனது. பக்கத்து டிரம்லெம்பிள் நிலக்கரிச் சுரங்கமும் 1923இல் மூடப்பட்டது. கிராக்கி இருந்த நாளில் அவசர அவசரமாக வடித்துத் தள்ளியதில் ஊரின் பெயரும் கெட்டிருந்தது. 1934 முடிவதற்குள் மிஞ்சியவை இரண்டே: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா. வில்லியமின் கிளென்கைல் 1925இலேயே போய்விட்டது. பிற்காலத்தில் ஜப்பானிய விஸ்கிக்கு அடித்தளமிட்ட மசாடகா டகெட்சுரு 1920இல் வந்து தொழில் பயின்ற ஹேசல்பர்னும் அதே 1925இல் மூடப்பட்டது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். செய்முறையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பிரிங்பேங்க் குடும்பத்தின் கையிலேயே இருந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நாலு இடத்தில் வடிசாலை வைத்திருக்கும் கம்பெனி, நஷ்டம் வந்தால் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றில் வேலையைத் தொடரும். மிட்செல் வாரிசுகளுக்குப் போக வேறு இடம் இல்லை. அவர்களுக்கும் 1980களில் பெரும்பகுதி ஓட்டமே இல்லாமல் கிடந்தது. ஆனால் விற்கவில்லை.

இன்னொன்று, அவர்களும் பழைய முறையை விட்டவர்கள்தான். பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டுவதை 1960இல் நிறுத்திவிட்டு, முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெளியே வாங்கத் தொடங்கினார்கள். மறுபடி தரைக்கு வந்தது 1992இல். மற்ற வடிசாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் ஆள் அதிகம் கேட்கிற வேலையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த முடிவைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்.

அந்த வேலை இப்படி இருக்கும். ஊறிய பார்லியைக் கல்தரையில் கணுக்கால் அளவுக்குப் பரப்புவார்கள். ஐந்தாறு நாளில் முளை விடும். முளைக்கும் தானியம் சூடாகும், சும்மா விட்டால் வேர்கள் பின்னிப் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், மரச் சவளால் புரட்டிப் போட வேண்டும். குளிர்காலத்தில் முளை மெதுவாக வரும், கோடையில் முந்திக்கொள்ளும். கையில் நசுக்கிப் பார்த்துத்தான் பக்குவம் சொல்வார்கள். அப்புறம் சூளையில் உலர்த்துவார்கள். ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரில் வரும் விஸ்கிக்கு ஆறு மணி நேரம் பீட் புகை. பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைக்கும் மண்கட்டி. மீதி நேரம் வெறும் சூடான காற்று. வடிக்கும் செப்புப் பாத்திரங்கள், அதாவது வாலைகள், மூன்று. ஒரு பங்கு இரண்டு முறையும், மறு பங்கு மூன்று முறையும் காய்ச்சப்படுவதால் 'இரண்டரை முறை வடித்தது' என்பார்கள். பீப்பாயில் முதிர்வதும் பாட்டிலில் அடைப்பதும் அதே வளாகத்தில். பார்லியிலிருந்து பாட்டில் வரை எல்லா வேலையும், தன் மால்ட் முழுவதும் உட்பட, ஒரே இடத்தில் செய்யும் வடிசாலை ஸ்காட்லாந்தில் அரிது.

அங்கேயே இன்னும் இரண்டு விஸ்கிகள் வடிக்கிறார்கள். பீட் புகையிலேயே நெடுநேரம் உலர்த்திய மால்ட்டிலிருந்து ஒன்று, பெயர் லாங்ரோ. புகையே இல்லாமல் மூன்று முறை வடிப்பது ஹேசல்பர்ன். இரண்டும் செத்துப்போன பக்கத்து வடிசாலைகளின் பெயர்கள். கிளென்கைல் கதையும் அதோடு முடியவில்லை. மிட்செல் குடும்பத்தில் வந்த ஹெட்லி ரைட், ஸ்பிரிங்பேங்கின் அப்போதைய உரிமையாளர், அந்தக் கட்டடத்தை 2000இல் வாங்கி 2004இல் மறுபடி வடிக்கத் தொடங்கினார். கிளென்கைல் என்ற பெயர் வேறொருவரிடம் போயிருந்ததால் விஸ்கிக்குக் கில்கெரன் என்று பெயர். மால்ட் போவது ஸ்பிரிங்பேங்கின் தரையிலிருந்து.

பழைய லாங்ரோ 1896இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அதன் பண்டகசாலை ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. ஸ்பிரிங்பேங்க் தன் பாட்டில்களை அடைப்பது அதற்குள்தான்.

அன்புடன்.