மலைக்கு வாடகை வேன் ஓட்டப் போகிறவருக்கு

கோவையிலிருந்து ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் சுற்றுலா வாடகைக்கு ஓட்ட, 17 இருக்கைகள் கொண்ட பழைய வேன் ஒன்றை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தில்லாமலும், டீசல் செலவும் பட்டறைச் செலவும் கையைக் கடிக்காமலும் ஓட்டுவது எப்படி என்பது உங்கள் கேள்வி. நானும் அதே பாதைகளில் சொந்த வேன் ஓட்டிப் பிழைப்பவன். மலைக்குப் போகும் வேனுக்கு எது உயிரோ அதை விரிவாகவும், மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் இறக்கம். ஏற்றத்தில் வண்டிக்குக் கோளாறு வந்தால் பெரும்பாலும் அது நின்றுவிடும். ஆட்களை இறக்கிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இறக்கத்தில் கோளாறு வந்தால் வண்டி நிற்காது. அதனால்தான் புது டிரைவரை எடைபோட, அவர் மலை ஏறுவதை நான் பார்ப்பதே இல்லை, இறங்குவதைத்தான் பார்ப்பேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆக, 1,900 மீட்டர் இறங்க வேண்டும். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து நான்கு டன் அளவில் இருக்கும் வேனை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டுவதா, குறைந்த கியரில் இறங்கி இன்ஜினோடு பங்கு போடுவதா என்பதுதான் டிரைவர் எடுக்கும் முடிவு.

எல்லாவற்றையும் பிரேக்கே தாங்கினால் இரண்டு கேடுகள் வரும். ஒன்று, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிமானம் இழக்கும். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், வண்டியோ குறையாமல் ஓடும். இரண்டாவது இன்னும் மோசம். மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்தால் மிதி தரையைத் தொடும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவே 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டப்பாவில் அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பழைய ஆயிலோடு மலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். மலை வண்டிக்கு நான் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், மொத்தமாக மாற்றிவிடுகிறேன். சில நூறு ரூபாய் வேலை.

கியர் விஷயத்தில் பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் கணக்கு இன்றும் சரியானது: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. டர்போ வைத்த புது வண்டிகள் மூன்றாவது கியரில் சுலபமாக ஏறிவிடுவதால், அவற்றில் இன்னும் ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடக் கூடாது. வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில், வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே உரசிக்கொண்டு வருவது கூடாது. அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிட்டால் டிரம் ஆற நேரம் கிடைக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை நம் பக்கம் இன்னும் சாகவில்லை. அது பொய்க்கணக்கு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் டீசல் நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக, டீசலும் போகிறது, இன்ஜின் பிடிமானமும் போகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது இதைவிடக் கொடியது. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் சில மிதிகளில் தீர்ந்து மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். உங்களிடம் வேலைக்குச் சேரும் டிரைவர் இதைச் செய்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மலை இறங்கி பர்லியாரில் நிறுத்தும்போது பயணிகள் மங்குஸ்தான் வாங்கப் போவார்கள். நான் அந்த நேரத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையை, தொடாமல், நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின் சக்கரங்கள் இரண்டும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் வேலையே செய்யவில்லை. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு காசு செலவில்லாமல், பட்டறைக்கு எந்தச் சக்கரத்தைக் காட்ட வேண்டும் என்று இதில் தெரிந்துவிடும். லைனிங் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். வண்டியை கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிரம் வெடிப்பு விடும்.

குறுகிய மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். சாலை விதியே அதுதான். ஆனாலும் ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகளில் மேலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்து விழுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். நின்று வழிவிடுங்கள், அதில் கௌரவம் குறைந்துவிடாது.

அடுத்து பாரம். வாடகை பேசும்போது "17 பேர்தான், மூன்று சின்னப் பிள்ளைகள் மடியில் இருப்பார்கள்" என்பார்கள். சமையல் பாத்திரம், எரிவாயு சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் கூரை கேரியருக்குப் போகும். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் எடை மையத்தை மேலே தூக்குகிறது; வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய்வதை ஸ்டியரிங்கிலேயே உணர்வீர்கள். சிலிண்டரை ஏற்றவே மாட்டேன் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். கனமான பெட்டிகளைக் கீழே, அச்சுகளுக்கு நடுவில் வையுங்கள். காலியாகப் போகும் நாளில் கேரியரைக் கழற்றி வைத்தால் காற்றெதிர்ப்பு குறைந்து டீசலும் கொஞ்சம் மிஞ்சும். மலை வண்டியில் பாதுகாப்புக்கு ஒரு கணக்கு, சிக்கனத்துக்கு வேறு கணக்கு என்று பெரும்பாலும் இருப்பதில்லை.

டயருக்கு வருகிறேன். பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். பழைய வேன் விற்பவர்கள் "டயர் எல்லாம் புதுசு" என்று காட்டுவார்கள். பட்டன், அதாவது தரையைத் தொடும் மேடு, நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் வயதாகி இறுகிப் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்பு ஓடியிருக்கும். முன் சக்கரங்களில் ரீட்ரெட் டயர், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, போடாதீர்கள். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் பள்ளத்துக்குள் இருக்கும் அடையாளக் கட்டை டயர் மட்டத்துக்கு வந்துவிடும். மழையில் மலை ஏறுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியானால் இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், உள் டயருக்கும் காற்று பாருங்கள். பலர் வெளி டயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

காற்று எப்போதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். மலை இறங்கியதும் பார்த்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைப் பிடுங்கினால் மறுநாள் டயர் குறைந்த காற்றில் நிற்கும். குறைந்த காற்றில் ஓடும் டயர் மடங்கி மடங்கிச் சூடேறி ஒருநாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். வெடிக்காத நாளெல்லாம் டீசலைத் தின்னும்.

காலையில் பார்க்க வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவையே: இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், விளக்குகள், வைப்பர், வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதும் சொட்டியிருக்கிறதா என்பது. கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரேடியேட்டரில் உப்பு படியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுங்கள். நீண்ட ஏற்றம் ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடமாவது ஓடவிட்டால் டர்போவுக்கு ஆயுள் கூடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகை அளவு விதிப்படி செய்த வேனாக இருந்தால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். ஊருக்குள்ளேயே பள்ளி டிரிப் அடித்தால் அது அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டினால் சேர்ந்த கரி தானாக எரிந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் பார்க்காமல் ஓட்டினால் பட்டறை பில் பெரிதாக வரும். டீசல் சிக்கனத்துக்கு நெடுஞ்சாலையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. இந்த வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டரில் நிறுத்தும். 65க்கும் 70க்கும் நடுவில் சீராகப் போனாலே மைலேஜில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனெனில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது.

வயரிங் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் சொல்லியாக வேண்டும். பழைய சுற்றுலா வேன்களில் ஸ்பீக்கர், வண்ண விளக்கு, சார்ஜர் என்று ஒவ்வொரு முதலாளியும் ஒரு வயர் இழுத்திருப்பார். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அது தீக்குச் சமம். வாங்கியதும் நல்ல எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துத் தேவையற்றதையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். அவசர வழியின் முன் பெட்டி அடுக்காதீர்கள்; கைப்பிடி எப்படித் திறக்கிறது என்று கிளம்பும் முன் பயணிகளில் இரண்டு பேருக்காவது காட்டுங்கள். தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இனி தூக்கம். இந்தத் தொழிலில் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். இரவு முழுக்க ஓட்டி, விடிந்ததும் பயணிகள் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்ப, அதே டிரைவர் பகல் முழுவதும் ஊர் சுற்றிக்காட்டி, அன்று இரவே மலை இறங்க வேண்டும் என்று டிரிப் பேசுகிறார்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குமேல் இடைவிடாத வேலை கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு என்றது. சின்ன முதலாளிகளுக்குச் சட்டம் வருமா வராதா என்ற வாதமே வேண்டாம், உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கண் செருகும்; டீயும் பாட்டும் அதை வெல்லாது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. இரண்டு விநாடி இமை மூடினால் தூரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பயணம் என்றால் இரண்டாவது டிரைவரின் பேட்டாவையும் சேர்த்தே வாடகை சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் வேறு வண்டி பார்க்கட்டும். டிரைவருக்குப் படுக்க அறையும் கேட்டு வாங்குங்கள். ஊட்டிக் குளிரில் வேன் சீட்டில் சுருண்டு கிடப்பது ஓய்வு ஆகாது.

காகிதங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாகனத்துக்கு எட்டு வயதாகும்வரை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. பெர்மிட் இல்லாத வெள்ளை போர்டு வேனை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது பெரும் சிக்கலாகிவிடும்.

வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கும் நிலையில் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். கூலன்டில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, ஆயில் குச்சியில் பால் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் மட்டும்தானா, அடியில் முன் சக்கரத்தைத் தாங்கும் புஷ், பால் ஜாயின்ட் போயிருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேரும் இடத்தில் துருவையும் வெல்டிங் தழும்பையும் தேடுங்கள். பிறகு உங்கள் வீட்டார், நண்பர்கள் பத்துப் பேரையாவது ஏற்றிக்கொண்டு மருதமலை வரை ஏறி இறங்கிப் பாருங்கள். காலி வண்டி ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஆர்.சி.யில் கடன் நீக்கம் பதிவாகியிருக்கிறதா, அபராதம் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்து முடிக்கும்வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.