வாசகர் கேள்வி: டிஎம்எல்டி கிளாஸ்ல பசங்க தூங்கறாங்க, என்ன பண்ண?

கேள்வி: அக்கா, நான் ஊட்டில ஒரு பாராமெடிக்கல் காலேஜ்ல முதல் வருஷம் டிஎம்எல்டிக்கு (மெடிக்கல் லேப் டெக்னாலஜி டிப்ளமோ) ஹெமட்டாலஜி, அதாவது ரத்தவியல் எடுக்கறேன். மதியம் கிளாஸ்ல பாதிப் பேரு ஸ்வெட்டருக்குள்ள தலைய விட்டுட்டு தூங்கறாங்க. மைக்ராஸ்கோப்பும் கம்மி. எப்படி சமாளிக்கறது?

பதில்: தங்கச்சி, தியரிய முடிச்சுட்டுத்தான் லேப்னு இருக்கற வரிசைய மொதல்ல மாத்துங்க. செல் பேரெல்லாம் போர்டுல எழுதறதுக்கு முன்னாடியே கிளவுஸ் போடச் சொல்லி, ஆளுக்கு ரெண்டு ஸ்லைடு, ஈடிடிஏ டியூப்ல (ரத்தம் உறையாம வைக்கற டியூப்) இருந்து ஒரு சொட்டு ரத்தம் குடுத்து, அத ஸ்லைடுல மெல்லிசா பரப்பி ஸ்மியர் இழுக்க விடுங்க. மொத ஸ்மியர் யாருக்கும் சரியா வராது, தடியா இருக்கும், இல்ல கோடு கோடா நிக்கும், மெல்லிசா முடியற வால் பக்கமே இருக்காது. தூக்கிப் போட விடாதீங்க. இழுக்கற ஸ்லைட 30-45 டிகிரி சாய்க்கணும், ரொம்ப நிமிர்த்திப் பிடிச்சா தடியாயிரும்னு அப்பச் சொல்லிப் பாருங்க, ஒருத்தனும் தூங்க மாட்டான்.

நம்ம மலைக்குன்னே சில பாடம் இருக்குங்க. மூட்டம் இறங்கற நாள்ல ஸ்மியர் லேசுல காயாது, அந்த ஈரத்தோட லீஷ்மன் ஸ்டெயின்ங்கற சாயத்த ஊத்திட்டா சிவப்பணுக்குள்ள பளபளன்னு வட்டம் வட்டமா தெரியும், பசங்க மலேரியாவான்னு கேப்பாங்க. ஒரு ஸ்லைட ஃபேன்ல உடனே காய வச்சு, இன்னொன்ன ஜன்னலோரம் ஈரத்துல விட்டுட்டு, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கச் சொல்லுங்க.

ஆட்டோகிளேவும் (நீராவி அழுத்தத்துல கிருமிய அழிக்கற மெஷின்) அப்படித்தான். 121 டிகிரிக்கு 15 பவுண்டு பிரஷர்னு புத்தகத்துல இருக்கறது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், வெளிக்காத்தழுத்தம் கம்மி, அதனால கேஜ்ல 18, 19 பக்கம் வந்தாத்தான் உள்ள 121 டிகிரி இருக்கும். மெஷின் எவ்வளவு தாங்கும்னு மட்டும் நீங்க முன்னாடியே பாத்து வச்சுக்கங்க. பிரஷரையும் டெம்பரேச்சரையும் பசங்களே குறிக்கட்டும், ஏன் புத்தகத்தோட ஒத்து வரலன்னு அவங்களே அடிச்சுக்கட்டும், நீங்க கொஞ்ச நேரம் வாயே தொறக்காதீங்க.

கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள்ல சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை ரத்த நோய்) இருக்கறதால இங்க படிக்கற பிள்ளைங்க அந்த டெஸ்ட கட்டாயம் கையால செஞ்சு பழகணும். ரத்தத்துல சோடியம் மெட்டாபைசல்பைட் (ஆக்சிஜன எடுத்துடற கெமிக்கல்) ஒரு சொட்டு சேத்து, கவர்ஸ்லிப் போட்டு ஓரத்த அடைச்சு வச்சா கொஞ்ச நேரத்துல செல்லு அரிவாளா வளையறத மைக்ராஸ்கோப்புல கண்ணாலயே பாக்கலாம். இது நோயா, வெறும் கேரியரான்னு (நோயில்லாம ஜீன மட்டும் சுமக்கறவங்க) இந்த டெஸ்ட் பிரிச்சுச் சொல்லாது, அதுக்கு ஹீமோகுளோபின் வகைய மின்சாரத்தால பிரிச்சுக் காட்டற எலக்ட்ரோஃபோரிசிஸ் வேணும், இதையும் அந்த இடத்துலயே சொல்லிருங்க. ஆனா மாணவங்க ரத்தத்துலயே இத செஞ்சு பாக்காதீங்க, ஒரு பிள்ளையோட ரிசல்ட்ட கிளாஸே பாக்கற மாதிரி ஆயிரும். பேரில்லாத சாம்பிள் போதும்.

மைக்ராஸ்கோப்புக்கு ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைங்க. ஒருத்தர் பாத்து வாயால சொல்லணும், இன்னொருத்தர் பாக்காம அத வரையணும், அப்புறம் இடம் மாறி வரைஞ்சது சரியான்னு சரிபாக்கணும். புத்தகப் படத்த பாத்து வரைஞ்ச ரெக்கார்டுக்கு கையெழுத்தே போடாதீங்க.