டெல்லியில் தங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். நாட்டின் வளர்ச்சி விகிதத்தை ஆளுக்கொரு எண்ணாகச் சொல்கிறார்களே, எதைப் படிப்பது?

கரோல் பாகிலும் பழைய ராஜேந்திர நகரிலும் விற்கும் மாதாந்திர கரன்ட் அஃபேர்ஸ் தொகுப்புகளில் எல்லாக் கணிப்புகளும் ஒரே கட்டத்துக்குள் கிடக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். யார் சொன்னது, எந்த மாதம் சொன்னது, எந்த ஆண்டுக்குச் சொன்னது என்ற மூன்றும் இல்லாத எண் தேர்வுக்கு உதவாது.

2023-24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024 ஜனவரியில் 7.3 சதவீதம் என்றது. அது முதல் முன்கூட்டிய மதிப்பீடு. பிப்ரவரி இறுதியில் 7.6, மே இறுதியில் தற்காலிக மதிப்பீடாக 8.2, 2025 பிப்ரவரியில் திருத்திய மதிப்பீடாக 9.2. ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு, நான்கு எண்கள். எதுவும் தவறில்லை. ஜனவரி எண் பட்ஜெட் தயாரிப்புக்காக, நிதியாண்டு முடியுமுன்பே கையில் இருக்கும் சில மாதத் தரவை நீட்டிப் போடுவது. நிறுவனக் கணக்குகளும் அரசுகளின் உண்மையான செலவுக் கணக்கும் வர வர எண் மாறும். இவை மதிப்பீடுகள். ரிசர்வ் வங்கி அதே ஆண்டுக்கு 2023 ஏப்ரலில் 6.5 என்று சொல்லி, டிசம்பரில் 7 ஆக்கியதே, அது கணிப்பு. கூற்று வகைக் கேள்விகளில் பலர் வழுக்குவது இந்த இரண்டையும் கலப்பதால்தான்.

அறிக்கைகளின் மாதங்கள் மாறுவது அரிது. ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஐஎம்எஃப் எனும் சர்வதேச நிதியம் ஏப்ரல், அக்டோபரில் முழு அறிக்கையும் ஜனவரி, ஜூலையில் திருத்தமும் தரும். உலக வங்கியின் 'குளோபல் எகனாமிக் பிராஸ்பெக்ட்ஸ்' ஜனவரியிலும் ஜூனிலும் வரும். இதை வெளியிடுவது யார் என்று யுபிஎஸ்சி 2015 பிரிலிம்ஸில் கேட்டது, எண்ணைக் கேட்கவில்லை. வங்கித் தேர்வுகளில் எண்ணே கேள்வியாக வரும். அதற்குத் தேர்வுக்கு முந்தைய நான்கைந்து மாதங்களின் கடைசி எண் போதும். நோட்டில் பழையதை அடித்து, பக்கத்தில் புதியதைத் தேதியோடு எழுதுங்கள். ஏறியதா இறங்கியதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஐஎம்எஃப் அட்டவணையில் இந்தியாவுக்கு 2024 என்று இருந்தால் அது 2024 ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு. ஐ.நா. அறிக்கையோ நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விடை பிசகும்.

ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி), ஜிவிஏ (மொத்த மதிப்புக் கூட்டல்) வேறுபாட்டை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மெயின்ஸுக்கு நல்ல சரக்கு அது. ஜிவிஏவோடு பொருள்கள் மீதான வரியைக் கூட்டி, மானியத்தைக் கழித்தால் ஜிடிபி. 2023-24 மூன்றாம் காலாண்டில் முதலில் வெளியானபோது ஜிடிபி வளர்ச்சி 8.4 சதவீதம், ஜிவிஏ வளர்ச்சி 6.5. மானியம் சுருங்கி நிகர வரி பெருகியதால் வந்த இடைவெளி அது. உற்பத்தி அந்த அளவு துள்ளவில்லை. வெறும் 8.4-ஐ எழுதுவதைவிட இந்தக் காரணத்தை எழுதுபவருக்கே மதிப்பெண்.

கணிப்பு 6.5-லிருந்து 7-க்குப் போனால் 0.5 சதவீதப் புள்ளி, அதாவது 50 அடிப்படைப் புள்ளிகள் கூடியது என்று எழுத வேண்டும்; 0.5 சதவீதம் கூடியது என்று எழுதினால் தவறு. தமிழ் வழியில் எழுதுபவர்கள் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தமிழ் வெளியீடுகளைப் படித்தால் இத்தகைய சொற்கள் கைக்குப் பழகிவிடும்.