சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலைய வாசல், பழைய ஜான் லிட்டில் கடையின் கட்டடமா?

இல்லை. அந்த முகப்பு, ஜான் லிட்டில் கட்டடத்தைப் பார்த்துச் செய்த நகல். நிலையம் திறந்ததே 1987இல்தான். கடையோ 1845இல் தொடங்கியது.

தாத்தா ஆல்பத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ் சதுக்கத்தின் படம் இருந்தால், காலத்தைக் கணிக்க முதலில் நடுப்பகுதியைப் பாருங்கள். தரையெங்கும் கார்கள் என்றால் பழைய படம். பூச்செடிகள் தெரிந்தால் 1965க்குப் பிந்தியது: கார்களை நிலத்தடிக்கு இறக்கி, மேலே தோட்டம் போட்டார்கள்.

அடுத்து, அங்கிருந்த ராபின்சன்ஸ் பல்பொருள் கடையின் பெயர்ப்பலகை. அது இருந்தால் 1972 நவம்பர் 21க்கு முந்தியது. அன்றைய தீயில் கடை முழுதும் போனது. 9 உயிர்களும் போயின, பெரும்பாலோர் மின்தூக்கிகளில் சிக்கியவர்கள். பிறகு ராபின்சன்ஸ் ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போய்விட்டது.