கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை லிஃப்ட் கேட்டும் டவுன் பஸ் பிடித்தும் போக முடியுமா?

முடியும். 2015 செப்டம்பர் கடைசியில் கிளம்பி நான் போயிருக்கிறேன். முழுக்க லிஃப்டும் டவுன் பஸ்ஸும்தானா என்றால் இல்லை. நடுநடுவே வெளியூர் பஸ் ஏறினேன், ஜம்முவுக்கு மேலே ஷேர் சுமோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "அப்புறம் அது என்ன லிஃப்ட் பயணம்" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் படிப்பு முடிந்து வேலைக்கு இன்னும் சேரவில்லை, கையில் காசு கம்மி என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் பிடித்தால் மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு வழியாக ஸ்ரீநகரில்தான் விடும். படத்தில் பார்க்க ரொம்பச் சுலபம். ஆனால் பெரிய ஊருக்குள் நின்று கை காட்டினால் ஆட்டோக்காரர்தான் நிறுத்துவார். டவுன் பஸ்ஸின் உபயோகமே அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு இந்தப் பக்கம் இறங்கியவனை அந்தப் பக்கம், வீடுகள் முடிந்து லாரிகள் வேகம் பிடிக்கிற இடத்துக்குச் சில்லறைக் காசில் கொண்டுபோய் விட்டுவிடும். பெங்களூருவுக்கு ஓசூர் பக்கமிருந்து வந்து அத்திபெலேயில் இறங்கினேன். அங்கிருந்து மெஜஸ்டிக், மெஜஸ்டிக்கிலிருந்து தேவனஹள்ளி, இரண்டும் நகரப் பேருந்துதான். நாக்பூர் என்றால் காம்டி தாண்டிப் போய்விட வேண்டும். டெல்லியில் சிங்கு எல்லைப் பக்கம். ஹைதராபாத்தில் இறங்க நேர்ந்தால் மேட்சல் போங்கள்.

டவுன் பஸ்ஸை மட்டுமே மாற்றி மாற்றி முழுத் தூரமும் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆதிலாபாத்துக்கு மேலே அப்படி ஒன்றும் கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் நான் போனபோது அரசு பஸ்ஸே ஓடவில்லை, எல்லாம் தனியார் வண்டி. ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள்.

தேவனஹள்ளி தாண்டி ஒரு டீக்கடை வாசலில் டிஎன் 28 எண்ணோடு ஒரு லாரி நின்றது. நாமக்கல் வண்டி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் போகிறது. நாம் பாயசத்துக்கு ஒரு கைப்பிடி போடுவதோடு சரி. மகாராஷ்டிராவில் விரத நாளில் சாப்பாடே அதுதான், நவராத்திரி வருவதால் லோடுக்குக் குறைவில்லை என்றார் டிரைவர் அண்ணன். கிளீனர் பையன் காய்ச்சலில் பின் பலகையில் சுருண்டு கிடந்தான். "தம்பி, தூங்கறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. பேசறதுக்குத்தான் ஏத்தறேன்" என்றார்.

பேசினேன். இன்ஜின் பானெட் பக்கம் உட்கார்ந்ததில் கால் வெந்துகொண்டிருந்தது, அதனால் தூக்கம் வரும் என்ற பயமில்லை. கல்லூரி, அக்கா கல்யாணம், பார்த்த படங்களின் கதை எல்லாம் அனந்தபூருக்குள் தீர்ந்துவிட்டது. அப்புறம் அவர் ஆரம்பித்தார். அனந்தபூருக்கு முன்னாலேயே, ஆந்திர எல்லையில் கோடிகொண்டா செக்போஸ்டில் நீள வரிசை. காகிதங்களை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, "கேட்டா கிளீனர்னு சொல்லிக்கங்க" என்றார். என் கண்ணாடியையும் முதுகுப்பையையும் பார்த்தால் எவனும் நம்பமாட்டான். நல்லவேளை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் கர்நூல் தாண்டி ஓரங்கட்டினார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஸ்டவ், குக்கர், அரிசி, புளி, பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் ஒரு வீட்டுக்கு வேண்டிய மாதிரி இருந்தது. நான் சின்ன வெங்காயம் உரித்தேன், அவர் ரசம் வைத்தார். கிளீனர் பையனுக்கு அந்த ரசத்தைக் குடித்த பிறகுதான் பேச்சே வந்தது. நாக்பூரில் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள். மற்ற லாரிகளில் பஸ் கட்டணத்தில் பாதியாவது கேட்டார்கள், கொடுத்தேன். ஆகவே "ஓசியில் ஊர் சுற்றினாயா" என்று கேட்பவர்களுக்கு: இல்லை.

நான் போன காலம் வேறு என்பதும் உண்மை. 2017-இல் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயம். லாரி மணிக்கணக்கில் நின்று, டிரைவர் கீழே இறங்கிப் பீடி பற்றவைத்து, நாம் போய்ப் பேச்சுக் கொடுக்கிற இடங்கள் இந்த இரண்டும்தான். இப்போது டோல்கேட்டில் நின்று கை காட்டுவது வீண். தாபா, டீசல் பங்க், பஞ்சர் கடை, இங்கெல்லாம் நேரில் போய்க் கேளுங்கள்.

பைபாஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். லாரி பிடிக்க எனக்காவது பைபாஸ் வேண்டியிருந்தது. ஊருக்குள் போக டிக்கெட் எடுத்தவர்களை நடுராத்திரியில் "உள்ள போகாது, இங்கயே எறங்கிக்க" என்று பாலத்தடியில் இறக்கிவிடுகிறார்களே, அது என்ன நியாயம்? டிக்கெட் கொடுக்கும்போது தெரியாதா? என் அம்மா மூட்டை முடிச்சோடு இருட்டில் ஊர்வரை நடந்து வந்தார். புகார் எண்ணுக்கு அடித்தால் அடுத்த மாதம் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி. என்ன நடவடிக்கை என்று அந்த முருகனுக்கே வெளிச்சம். அந்த வழியில் இன்றும் அப்படித்தான் இறக்கிவிடுகிறார்கள்.

சட்டம் தெரிந்தவர்கள் வருவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டியில் பயணி ஏறுவது விதிப்படி தப்பு. விபத்து என்றால் அப்படி ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பணம் வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். அதனால் ஒருவர் மாட்டேன் என்றால் கெஞ்சாதீர்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் ஆண், எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும். ஒரு தகவல் மட்டும்: தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் அதே சலுகைக்கு அந்தந்த மாநில அடையாள அட்டை கேட்பார்கள்.

கடைசியாக சிம். வீட்டில் ரயிலில் போவதாகச் சொல்லியிருந்தேன். லக்கன்பூர் தாண்டி ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்ததும் என் ப்ரீபெய்டு சிம் செத்துவிட்டது, வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே எடுபடாது. ஸ்ரீநகரில் பூத் தேடிப் பிடித்துப் பேசினால், "ஜம்முவுக்கு மேல ஏதுடா ரயிலு?" என்று அப்பா ஆரம்பித்தார். அப்போது ஜம்மு பக்கம் கட்ரா வரைக்கும், பிறகு பனிஹாலிலிருந்து ஸ்ரீநகர் பக்கமும்தான் ரயில் ஓடியது, நடுவில் இணைப்பு இல்லை. ஜம்மு பக்கத்தோடு இணைத்து ஸ்ரீநகருக்கு ரயில் விட்டது 2025 ஜூனில். நீங்கள் ஒரு போஸ்ட்பெய்டு சிம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.